மூச்சை அளப்பது யார்?

கடற்கரையில் ஏறி, தாம்பரம் போகும் மின்சார ரயிலில் சன்னலோரம் இடம் பிடித்து அமர்ந்திருக்கும் அன்பரே! பழவந்தாங்கல் தாண்டியதும் தலைக்கு மேலே இரைச்சல் கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கிறீர். வெள்ளி மீன் போல ஒரு விமானம், பரங்கிமலைப் பக்கமிருந்து தாழ்ந்து வந்து மீனம்பாக்கத்து மண்ணைத் தொடுகிறது. நாள்தோறும் காணும் காட்சிதான். ஆயினும் நாள்தோறும் பார்க்கிறோம். மனிதன் பறப்பது மனிதனுக்கு அலுப்பதே இல்லை!

ரயில் நகர்கிறது. திரிசூலம் வருகிறது, பல்லாவரம் வருகிறது. அடுத்து குரோம்பேட்டை. தோல் பதனிட்ட குரோம் கம்பெனி தந்த பெயர் அது. அதற்கும் அடுத்து தாம்பரம் சானடோரியம். இந்தப் பெயரைத் தந்தது எது தெரியுமா? காற்று!

ஆம். 1928ஆம் ஆண்டு, டாக்டர் சௌரி முத்து என்ற தமிழ்நாட்டு மருத்துவர், சீமையில் படித்துத் திரும்பியவர், காசநோய்க்காரருக்கு ஒரு மருத்துவமனை கட்ட இடம் தேடினார். அப்போது காசத்தைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, நல்ல ஓய்வு இவைதாம் மருந்து. பட்டணத்துப் புழுதியை விட்டு விலகி, மரமும் குன்றும் சூழ்ந்த தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். காற்றே மருந்தாக இருந்த ஊர் அது! இன்றும் அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை நிற்கிறது. இருமலோடு வருவோர் இன்றும் அந்த வாயிலில் வரிசையாக நிற்கிறார்கள்.

கீழே, மூச்சுக்காகக் கட்டிய மருத்துவமனை. மேலே, விமானம். அந்த விமானத்துக்குள் இருப்பவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டவள், எங்கள் தெருவில் வாழும் ஒரு பெண்.

விமானப் பணிப்பெண் அவள். விடியுமுன் மூன்று மணிக்கு வண்டி வந்து அழைத்துப் போகும். தெருவே அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடும். "கொடுத்து வைத்தவள், வானத்திலே வேலை!" என்பர். ஒருநாள் மாலை அவள் அப்பாவைக் காணப் போயிருந்தேன். கூடத்து ஓரத்தில் சுருண்டு படுத்திருந்தாள்.

"என்னம்மா, காய்ச்சலா?" என்றேன்.

"காய்ச்சல் இல்லை அண்ணே. தலை சுற்றுகிறது. விமானம் இறங்கும்போது நாற்றம் வந்தது. நனைந்த காலுறையை மூட்டை கட்டி வைத்துப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம். கண் எரிந்தது. பயணிகளில் இரண்டு பேர் குழந்தைகளுக்கு மூக்கைப் பொத்தினார்கள்."

"மேலிடத்தில் சொன்னாயா?"

"சொன்னேன். 'அழுக்குக் காலுறைதான், யாரோ பயணி செருப்பைக் கழற்றியிருப்பார்' என்று சிரித்தார்கள். எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். 'எழுதினால் உடல் தகுதிச் சோதனைக்கு அனுப்புவார்கள், பறக்காத நாளுக்குப் படி கிடையாது, யோசித்துக்கொள்' என்றார்கள். யோசித்தேன் அண்ணே. எழுதவில்லை."

எழுதவில்லை! தோழர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

நாற்றம் எங்கிருந்து வந்தது? பயணியின் காலிலிருந்தா? பார்ப்போம்.

முப்பதாயிரம் அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்று மெலிந்த காற்று. உறைபனியை விடக் கொடிய குளிர். அதை அப்படியே உள்ளே விட்டால் மனிதன் பிழைக்க மாட்டான். ஆகவே காற்றை அழுத்தி, வெப்பமூட்டி, உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்று தனிக் கருவி வைக்கலாம். ஜெட் விமானங்கள் புதிதாக வந்த காலத்தில், போயிங் 707 போன்றவற்றில், அப்படித்தான் வைத்தார்கள். பிறகு வந்தது சிக்கன யோசனை. எஞ்சினுக்குள்ளேயே காற்றை அழுத்தும் பகுதி சுழல்கிறதே, எரிபொருள் சேர்வதற்கு முன் அங்கிருந்தே கொஞ்சம் காற்றைக் கறந்துகொண்டால் என்ன? எடை குறையும், செலவு குறையும். பசுவின் மடியில் பால் கறப்பதுபோல எஞ்சினின் மடியில் காற்றைக் கறந்தார்கள். குளிரூட்டி, பயணிகளுக்கு ஊட்டினார்கள். இன்று வானில் பறக்கும் ஜெட் விமானங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையில்தான் மூச்சு விடுகின்றன.

மடி சுத்தமாக இருந்தால் பால் சுத்தமாக இருக்கும். எஞ்சினின் மடியில் என்ன இருக்கிறது? எண்ணெய்! நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தண்டுக்கு எண்ணெய் போடாமல் முடியுமா? எண்ணெய் ஒரு பக்கம், காற்று மறுபக்கம், நடுவே 'சீல்' என்னும் அடைப்பு. அந்த அடைப்பு தேய்ந்தால், உடைந்தால், எண்ணெய் காற்றில் கலக்கும். வெப்பத்தில் ஆவியாகும், புகையாகும், நேரே உள்ளே வரும். அடைப்பு நன்றாக இருக்கும்போதே, எஞ்சினின் வேகம் கூடிக் குறையும் நேரங்களில், துளித்துளியாகக் கசிவதும் உண்டு என்று பொறியியல் அறிந்தோர் கூறுகின்றனர்.

"வடிகட்டி இல்லையா?" என்று கேட்பீர். இருக்கிறது! ஆனால் எங்கே இருக்கிறது? உள்ளே ஒருமுறை சுவாசித்துவிட்ட காற்றைத் திருப்பி அனுப்பும் வழியில் இருக்கிறது. தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும். எஞ்சினிலிருந்து நேரே வரும் காற்றுக்குப் பெரும்பாலான விமானங்களில் வடிகட்டி இல்லை. ஆவியைப் பிடிக்கும் ஆற்றலும் அந்தத் தூசி வடிகட்டிக்கு இல்லை. வாசலில் காவல் இல்லை, கொல்லையில் இருக்கிறது காவல்!

"ஆபத்து வந்தால் தலைக்கு மேலிருந்து முகமூடி தொங்குமே?" என்பீர். தொங்கும். அது காற்றழுத்தம் குறைந்தால் உயிர் காக்க வந்த கருவி. உள்ளிருக்கும் காற்றோடு கலந்துதான் அது பிராணவாயுவைத் தரும். உள்ளிருப்பது புகையென்றால் புகையும் சேர்ந்தே வரும். விமானிக்கு மட்டும் முகத்தை இறுக மூடும் முகமூடி உண்டு. முழுப் பிராணவாயு அதில் வரும். அவர் விழிப்போடு இருந்தால்தானே மற்றவர் தரை இறங்க முடியும்? சரி. ஆனால் உணவுத் தட்டோடு நடக்கும் அந்தப் பெண்ணுக்கு?

இனி எண்ணெயின் கதையைக் கேளுங்கள்.

ஜெட் எஞ்சின் எண்ணெயில், தேய்மானம் தடுக்க, டிரைகிரசைல் பாஸ்பேட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருப்பது வழக்கம். பெயர் நீளமானது. அதன் வரலாறும் நீளமானது.

1930ல் அமெரிக்காவில் மதுவிலக்கு நாட்கள். ஏழைகள் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற மருந்தைப் போதைக்காகக் குடித்தனர். அதில் இந்தப் பொருளைக் கலந்திருந்தார்கள். பல்லாயிரவர் கால் விளங்காமல் போயினர். 1959ல் மொராக்கோவில் மெக்னஸ் நகரம். அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிய ஜெட் எண்ணெயை வாங்கிச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றனர் பாவிகள். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கை கால் முடங்கினர். 1988ல் நம் நாட்டிலேயே, கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில், கடுகெண்ணெயில் இதே பொருள் கலந்து, நூற்றுக்கணக்கானோர் நடை இழந்தனர்.

இன்னொன்று. இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. 1977, 78ஆம் ஆண்டுகள், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். நம் மண்ணிலிருந்து பிழைக்கப் போன பாட்டாளித் தமிழரின் பேத்திகள். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கமல்லவா? கொடுத்தனர், தாய்மார், ஆசையோடு. அந்த நல்லெண்ணெயில் கலந்திருந்தது டிரைகிரசைல் பாஸ்பேட்! இயந்திர எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் ஐயம். இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்கள். சடங்கு முடிந்து சில வாரங்களில் கால் துவண்டது, பாதம் தொங்கியது. கொழுந்து பறிக்க மலையேற வேண்டிய கால்கள்! சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரு மருத்துவர்கள் ஆராய்ந்து, 1981ல் 'லான்செட்' இதழில் உலகுக்கு அறிவித்தனர். ஒரு சிங்களப் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் சேர்ந்து அந்தப் பெண்களுக்காகச் சாட்சி சொன்னதை மறக்கக்கூடாது.

"நிறுத்து! நிறுத்து!" என்கிறார் ஒரு மேதாவி. "குடித்ததும் முகர்ந்ததும் ஒன்றா? அவர்கள் வயிற்றில் போனது கரண்டிக் கணக்கு. விமானத்தில் வருவது அணுவிலும் அணு. அதோடு, நரம்பைக் கெடுக்கும் 'ஆர்த்தோ' வகையை இப்போது எண்ணெயில் மிகமிகக் குறைத்துவிட்டார்களே!"

நியாயமான வாதம். அதை நான் மறைக்கவில்லை. இன்னும் அவருக்குச் சாதகமானதையும் நானே சொல்லுகிறேன். 2011ல் பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் நூறு பயணங்களில் காற்றை அளந்து வெளியிட்ட அறிக்கை, வரம்புக்கு மேல் நஞ்சு இல்லை என்றது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் நடத்திய அளவீடு 2017ல் வெளிவந்தது. அதுவும் ஏறத்தாழ அதையே சொன்னது. விமானக் குழுவினரின் நீண்டகால நோய்க்கு எஞ்சின் காற்றுதான் காரணம் என்பதை மருத்துவ உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 'ஏரோடாக்சிக்' நோய் என்று 1999ல் சிலர் பெயரிட்டனர். பெயர் இருக்கிறது. நோய்ப் பட்டியலில் இடம் இல்லை.

ஆனால் மேதாவியாரே, ஒன்று கேட்கிறேன். அந்த நூறு பயணங்களில், முறைப்படி அறிக்கை எழுத வேண்டிய அளவுக்குப் புகை வந்த பயணம் எத்தனை? ஒன்றும் இல்லை என்று அந்த ஆய்வே கூறுகிறது! கோடையில் மழைமானியை வைத்துவிட்டு, "இந்த ஊரில் வெள்ளமே வராது" என்று எழுதலாமா? முடிச்சூர்க்காரனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், 2015 டிசம்பரை அவன் நினைவூட்டுவான்!

புகை வரும் நாள் என்ற ஒன்று உண்டா, இல்லையா? உண்டு. வெளிநாடு போக வேண்டாம். 2022 அக்டோபர் 12ஆம் நாள், கோவாவிலிருந்து ஐதராபாத் சென்ற ஸ்பைஸ்ஜெட்டின் கியூ 400 விமானத்துக்குள் புகை சூழ்ந்தது. விமானம் தரை இறங்கியது, உயிர்கள் தப்பின. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆராய்ந்தது. என்ன கண்டது? எஞ்சின் எண்ணெய் காற்று வழியில் புகுந்து, குளிரூட்டும் அமைப்புக்குள் நுழைந்து, புகையாயிற்று என்று கண்டது. அந்த வகை விமானங்கள் அனைத்தின் எஞ்சின் எண்ணெயையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பும்படி ஆணையிட்டது. ஆக, அரசின் ஏட்டிலேயே இருக்கிறது: எண்ணெய் உள்ளே வரும், வந்தது!

பாராட்டுகிறேன் அந்த ஆணையை. எஞ்சினின் எண்ணெயைச் சோதித்தார்கள், நன்று. அந்த எண்ணெயைச் சுவாசித்தவர்களின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும் விதி எங்கே? இயந்திரத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு மருத்துவம். மனிதனுக்கு?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே பி.ஏ.இ. 146 என்ற விமானத்தைப் பற்றிக் குழுவினர் ஓயாமல் முறையிட்டனர். நாடாளுமன்றத்தின் மேலவையே விசாரித்து 2000ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. 1992ல் அந்த வகை விமானத்தில் புகையைச் சுவாசித்து, ஓயாத இருமலுக்கு ஆளான ஒரு பணிப்பெண் வழக்குத் தொடுத்தார். கம்பெனி எதிர்த்தது. 2009ல் தீர்ப்பு அவர் பக்கம். கம்பெனி மேல்முறையீடு செய்தது, தோற்றது. மீண்டும் நாட்டின் உச்ச மன்றத்தின் கதவைத் தட்டியது, 2010ல் கதவு திறக்கவில்லை. வென்றார் அந்தப் பெண்! எத்தனை ஆண்டு? பதினெட்டு! ஒரு குழந்தை பிறந்து வாக்காளனாகும் காலம், ஓர் இருமலுக்கு நீதி கிடைக்க ஆயிற்று.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், விமானத்தின் தலைவரும் குழுவினரும் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இடம்பெற்றனர். கோட்டும் தொப்பியும் அணிந்தாலும் அவர்களும் தொழிலாளரே என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அதே சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில், பாஸ்பரஸாலும் அதன் நச்சுக் கூட்டுப்பொருள்களாலும் வரும் நோய் என்ற வரியும் இருந்தது. அந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிய 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது. ஆள் இருக்கிறார், நோய் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எது இல்லை? சான்று இல்லை!

சான்று ஏன் இல்லை? அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? பயணிகள் விமானத்தில் எண்ணெய் ஆவியை அளந்து எச்சரிக்கும் கருவியை வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூக்குத்தான் கருவி! பணிப்பெண்ணின் மூக்கு! அந்த மூக்கு சாட்சி சொன்னால், "காலுறை நாற்றம்" என்று சிரிக்கிறார்கள். அளவி இல்லாததால் அளவு இல்லை. அளவு இல்லாததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் நோய் இல்லை. நோய் இல்லாததால் அளவி தேவையில்லை! எவ்வளவு அழகான வட்டம் பார்த்தீர்களா? இந்த வட்டத்துக்குள் நிற்பவள்தான், எங்கள் தெருப் பெண். "எழுதவில்லை அண்ணே."

எனக்கு இந்த வட்டம் புதிதல்ல. தென்சென்னைப் புறநகரில் வளர்ந்த எவருக்கும் புதிதல்ல. தோல் கிடங்கில் குரோமியத் தண்ணீரில் நின்றவனுக்குக் கையில் புண் வந்தபோது, "கழுவாத கை" என்றார்கள். கல்லுடைத்தவன் இருமினால், "பீடிப் புகை" என்றார்கள். இப்போது ஆகாயத்தில் தலை சுற்றினால், "தூக்கம் போதவில்லை" என்கிறார்கள். பாட்டாளி நோயுற்றால் குற்றம் எப்போதும் பாட்டாளியின் பழக்கத்தில்தான் இருக்க வேண்டுமா? தொழிலில் இருக்கக் கூடாதா?

"அவர்கள் கைநிறையச் சம்பளம் வாங்குகிறார்களே, அவர்களுக்காக ஏன் வாதாடுகிறாய்?" என்று கேட்பார் உண்டு. பூசிய முகத்தையும் இழுத்துக் கட்டிய கொண்டையையும் கண்டு மயங்காதீர், தோழரே! நின்றபடியே வேலை, இரவு பகல் அறியாத வேலை, சிரித்தே தீரவேண்டிய வேலை. சிரிப்பையும் சேர்த்துச் சம்பளத்துக்கு விற்கும் தொழிலாளி அவள். பயணி ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை பறக்கிறார். அவள் மாதம் முழுவதும் பறக்கிறாள். அது மட்டுமா? விமானிக்கு ஒரு நொடி மயக்கம் வந்தால், அந்த விமானம் இறங்க வேண்டிய இடம் எது? வீடுகள் நெருங்கி நிற்கும் பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம்! அவர் மூச்சு நம் கூரைக்கும் காவல் என்பதை உணர வேண்டாமா?

"மாற்று வழி உண்டா?" என்று கேளுங்கள். உண்டு. 2011ல் பயணத்துக்கு வந்த போயிங் 787 விமானம், எஞ்சினில் காற்றைக் கறப்பதில்லை. மின்சார அமுக்கி கொண்டு வெளிக்காற்றை நேரே எடுத்துக்கொள்கிறது. நம் ஏர் இந்தியாவும் 2012 முதல் அந்த வகை விமானங்களை வாங்கியது. எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம்தான் அது, இருக்கட்டும். முடியாது என்றவர்க்கு, முடியும் என்று காட்டிவிட்டதே! பழைய விமானங்களை நாளையே உடைக்கச் சொல்லவில்லை. உள்ளே வரும் காற்றின் வாசலில் வடிகட்டி வைக்கச் சொல்லுகிறோம்.

என்ன வேண்டும் நமக்கு? நான்கே கோரிக்கை.

ஒன்று: விமானத்துக்குள் காற்றை அளக்கும் கருவி. கார்பன் மோனாக்சைடையும் எண்ணெய் ஆவியையும் காட்டும் கருவி. மூக்கைச் சிரித்து மழுப்பலாம், முள்ளைச் சிரித்து மழுப்ப முடியாது.

இரண்டு: நாற்றம் வந்தது என்று எழுதிக் கொடுத்தவரின் படியும் பணியும் பறிபோகாது என்ற உறுதி. உலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2015லேயே, புகை நிகழ்ச்சிகளைக் குழுவினர் அறிந்துகொள்ளவும் அறிவிக்கவும் வழிகாட்டிச் சுற்றறிக்கை தந்திருக்கிறது. சுற்றறிக்கை கோப்பில் சுற்றினால் போதாது, விமானத்தில் ஏற வேண்டும்.

மூன்று: புகை வந்த விமானம் தரை தொட்ட சில மணி நேரத்துக்குள் குழுவினருக்கு இரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை. நாள் கடந்தால் உடலில் தடயம் மறையும். தடயம் மறைந்த பின் செய்யும் சோதனை, திருடன் போன பிறகு பூட்டும் கதவு.

நான்கு: எஞ்சின் காற்று வரும் வழியில் வடிகட்டி. செலவைக் காட்டி மறுப்பவர்கள், அந்தச் செலவை ஒரு பயணச் சீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு நாட்டின் முன் வைக்கட்டும்.

இவற்றில் பெரும்பாலானவை தில்லியின் கையில் இருக்கின்றன. வானம் நம் தலைமேல், அதிகாரம் அவர் கைமேல். ஆகவே தில்லியில் பேச வேண்டும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஆனால் ஒன்று, சென்னைக் கோட்டையிலேயே முடியும். நெஞ்சக நோய் மருத்துவமனை மாநிலத்தின் மருத்துவமனை. மீனம்பாக்கத்திலிருந்து ஒரு சில ரயில் நிலைய தூரம். அங்கே வாரத்தில் ஒருநாள், ஓர் அறை, ஒரு மருத்துவர், ஒரு பதிவேடு. பறக்கும் தொழிலாளர் வரலாம், பெயரைச் சொல்லாமலும் சொல்லலாம், என்று ஓர் ஏற்பாடு செய்தால் என்ன? ஐந்தாண்டு அந்தப் பதிவேடு நிறைந்தால், நோய் உண்டா இல்லையா என்பது வாதமாக இராது, கணக்காக இருக்கும். கணக்கு மேதாவியார் பக்கம் நின்றால், முதலில் ஒப்புக்கொள்பவன் நானாக இருப்பேன். அவர் இப்போதே ஒன்றை ஒப்புக்கொள்ளட்டும்: எழுதாமல் விட்ட கணக்கு யார் பக்கமும் நிற்காது!

நேற்று மாலை அந்தப் பெண்ணை மீண்டும் பார்த்தேன். சீருடையில் இருந்தாள். "இப்போது நலமா அம்மா?" என்றேன். "நலம்தான் அண்ணே. ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன்" என்றாள். எண்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தேதி, விமான எண், நாற்றம் வந்த நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது என்று தன் கையெழுத்தில் குறித்து வைத்திருந்தாள்.

எழுதத் தொடங்கிவிட்டாள்! படிக்க வேண்டியவர்கள் எப்போது படிக்கத் தொடங்குவார்கள்?